மலைநாட்டு முடி – 9: தம்புள்ளையில் ஒரு முடிசூட்டு

1848 ஜூலை முதலாம் தேதியிலிருந்து இலங்கையில் நாய் வளர்க்கவும் காசு கட்ட வேண்டியிருந்தது. நாயொன்றுக்கு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங். துப்பாக்கிக்கு இரண்டரை ஷில்லிங். கடைக்கும் வண்டிக்கும் தனித்தனியே அனுமதிச்சீட்டு. போதாததற்கு வீதிச் சட்டம் வேறு: 18 வயதுக்கும் 55 வயதுக்கும் இடைப்பட்ட ஆண் ஒவ்வொருவனும் வருடத்தில் ஆறு நாள் வீதி வேலைக்குப் போக வேண்டும், போக மனமில்லாதவன் மூன்று ஷில்லிங் கட்டிவிட்டு வீட்டில் இருக்கலாம்.

கொழும்புக் கோட்டையில் மேசைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு இவை சில்லறைத் தொகைகள். மாத்தளைக்கு வடக்கே, காடும் சேனையும் கலந்து கிடந்த ஊர்களில் கணக்கு வேறு. குரக்கன் கதிர் முற்றும் காலத்தில் இரவானால் காட்டுப்பன்றி இறங்கும். பரணில் காவல் இருப்பவனுக்குத் துணை ஒரு நாட்டுத் துப்பாக்கி. கீழே ஒன்றிரண்டு நாய்கள். இந்த இரண்டும் இல்லாவிட்டால் ஒரு பருவத்து உழைப்பு விடிவதற்குள் போய்விடும். பணக்காரனின் பொழுதுபோக்குக்கு வரி போடுவதாக நினைத்த அரசாங்கம், சேனைக்காரனின் காவலுக்கு வரி போட்டது. அவன் கையில் காசு புழங்குவதே அருமை. நெல்லையும் குரக்கனையும் கொடுத்து உப்பும் கருவாடும் வாங்கிப் பழகியவன் ஷில்லிங்குக்கு எங்கே போவான்? இவ்வளவுதானா, இன்னும் எதற்கெல்லாம் வரி வருமோ என்ற பேச்சும் ஊர் ஊராகப் பரவியது.

பிக்குகளின் பாடு இன்னும் சங்கடம். வீதிச் சட்டம் அவர்களையும் விட்டுவைக்கவில்லை. விநய ஒழுக்கப்படி பிக்கு மண்ணை வெட்டக்கூடாது. காசைக் கையால் தொடவும் கூடாது. ஒன்று மண்வெட்டி பிடி, இல்லையேல் மூன்று ஷில்லிங் கொடு என்று சொன்ன சட்டம், இரண்டையும் செய்ய முடியாத ஒருவரைப் பற்றி யோசிக்கவே இல்லை. பிற்பாடு பிக்குகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அதற்குள் விகாரைகளில் பேசவேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிட்டார்கள்.

இந்த வரிகளின் பின்னால் இருந்தது கோப்பி. 1830களின் பிற்பகுதியில் தொடங்கிய கோப்பி வேட்கை கண்டி, மாத்தளை மலைகளின் காட்டைத் தின்றுகொண்டு ஏறியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிரூபிக்க முடியாத காடு, தரிசு, சேனை நிலமெல்லாம் முடிக்குரியது என்றது. தாத்தன் காலத்திலிருந்து சேனை வெட்டிய கிராமத்தானிடம் உறுதிப் பத்திரம் ஏது? நிலம் அரசாங்கத்தின் கைக்குப் போனது. அங்கிருந்து ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குத் துரைமாரிடம் போனது. வாங்கியவர்களில் ஆளுநரும் உயர் அதிகாரிகளும்கூட இருந்தார்கள் என்பது ஊரறிந்த விஷயம். விற்றவர்களும் வாங்கியவர்களும் ஒரே விருந்து மேசையில் உட்கார்ந்த காலம் அது.

1847இல் பிரித்தானியாவில் வணிக நெருக்கடி. கோப்பி விலை சரிந்தது. தோட்டக்காரர்களைக் கைதூக்கிவிடக் கோப்பி ஏற்றுமதித் தீர்வையை நீக்கினார்கள். கருவூலத்தில் விழுந்த துண்டை யார் தலையில் கட்டுவது? நாய் வைத்திருந்தவன் தலையில் கட்டினார்கள். போடப்போகும் வீதிகளும் கோப்பி மூட்டையைத் துறைமுகத்துக்கு இறக்கும் வீதிகள்தாம். தன் நிலத்தை இழந்தவன், அந்த நிலத்தின் விளைச்சலை ஏற்றிப்போக வீதியும் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றால் எவனுக்குத்தான் பொறுக்கும்?

ஆளுநர் டொரிங்டன் பிரபுவுக்கு அப்போது வயது 35. குடியேற்ற நாடு எதையும் ஆண்ட அனுபவம் இல்லாதவர். பிரதமர் ஜோன் ரசல் பிரபுவின் தாய்வழி உறவினர் என்பது அவருடைய முதன்மையான தகுதி. 1847 மே மாதக் கடைசியில் வந்து இறங்கினார். பக்கத்துணையாகக் குடியேற்றச் செயலாளர் சேர் எமர்சன் டெனன்ட். முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர், பின்னாளில் இலங்கையைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். படித்த மனிதர். படித்தவர் போட்ட கணக்கு என்பதால்தான் வரித்திட்டம் காகிதத்தில் அவ்வளவு அழகாக இருந்தது.

ஜூலை 6ஆம் தேதி கண்டிக் கச்சேரிக்கு முன்னால் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அன்று கண்டியில் இருந்த டெனன்ட் அவர்களுக்கு வரிகளின் நியாயத்தை விளக்கினார். கூட்டம் கேட்டது, கலைந்தது, மனம் மாறவில்லை.

இங்கே ஒரு ஐரிஷ்காரரையும் சொல்லியாக வேண்டும். டாக்டர் கிறிஸ்டோபர் எலியட், ‘கொழும்பு ஒப்சர்வர்’ பத்திரிகையின் ஆசிரியர். அந்த வருடம் பெப்ரவரியில் பாரிஸில் மன்னர் லூயி பிலிப் ஓடிப்போனார். ஐரோப்பா முழுக்க நெருப்பு. ‘ஒரு ஆங்கிலேயன்’ என்ற பெயரில் ஒப்சர்வரில் ஒரு கடிதம் வந்தது. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி கட்டாதே, கூட்டம் கூடு, மனுப் போடு என்பது அதன் சாரம். சிங்களத்திலும் அது சுற்றியது. எலியட் நினைத்தது மனுப்போர். கொழும்பில் அப்படித்தான் நடந்தது. கூட்டம், ஊர்வலம், கலைதல். மலைநாட்டில் வேறு மாதிரிப் போனதற்குக் காரணம், மலைநாட்டாரின் ஞாபகத்தில் மனுவைவிடப் பழைய ஒன்று இருந்தது. அது அரசன்.

1815 மார்ச் 2ஆம் தேதி கண்டிப் பிரதானிகள் ஒப்பமிட்டுக் கொடுத்த நாட்டில் அரசன் இல்லாமல் போனதை முந்தைய இதழ்களில் பார்த்தோம். மதுரை நாயக்க வழிவந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்குக் கொண்டுபோகப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தான். ஆனால் அரசன் என்ற இருக்கை காலியாகவே கிடந்தது. அதில் உட்கார அவ்வப்போது யாராவது வந்தார்கள். 1817இல் வில்பாவே என்ற முன்னாள் பிக்கு தன்னைத் துரைசாமி என்றும் நாயக்க அரச குடும்பத்தவன் என்றும் அறிவித்துக்கொண்டதை நினைவில் வையுங்கள். சிங்களக் கிராமங்கள் ஒன்றுதிரளத் தமிழ்ப் பெயரும் தென்னிந்திய அரச உறவும் ஒரு தடையாக இருக்கவில்லை. அதுவே தகுதியாக இருந்தது. அவன் பின்னால் போய்த்தான் மொனரவில கெப்பெட்டிபொல 1818இல் தலையைக் கொடுத்தார். அதன் பிறகும் 1820களில், 1843இல் என்று உரிமை கோருபவர்கள் முளைத்தபடி இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் கைது, விசாரணை, தண்டனை.

தலதாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. புத்தரின் தந்தம் யார் பாதுகாப்பில் இருக்கிறதோ அவரே ஆள்பவர் என்பது மலைநாட்டு நம்பிக்கை. 1815 உடன்படிக்கையில் பௌத்தத்தைப் பேணுவதாக வெள்ளையர் கொடுத்த வாக்கு, மிஷனரிமாரின் எதிர்ப்பால் 1840களில் கரையத் தொடங்கியது. 1847இல் டொரிங்டன் தந்தத்தின் பொறுப்பை அரசாங்கத்திடமிருந்து விடுவித்து மகாநாயக்கர்களிடமும் தியவதன நிலமேயிடமும் ஒப்படைத்தார். லண்டனுக்கு அது மதச்சார்பு நீக்கம். கண்டிக் குடியானவனுக்கோ, வெள்ளைக்காரன் தானாகவே ஆட்சியை இறக்கி வைத்துவிட்டான்.

காலியாக இருந்த இருக்கைக்கு 1848இல் வந்தவர் மலைநாட்டவர் அல்லர் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் விசித்திரம். கொங்காலேகொட பண்டா என்று வரலாறு சொல்லும் அந்த மனிதர் 1809இல் கொழும்புக்கு அருகே பேலியகொடையில் பிறந்தவர். இயற்பெயர் டேவிட், தகப்பன் பெயர் சிஞ்சியா பெர்னாண்டோ. கண்டி வீதியில் வண்டிப் போக்குவரத்துத் தொழில் பார்த்து, உடுநுவரையில் கொங்காலேகொட என்ற ஊரில் தங்கிவிட்டவர். அவருக்கு வாள்பிடிக்க வந்த வீர புரன் அப்பு மொறட்டுவைக்காரர், 1812இல் பிறந்தவர், இயற்பெயர் பிரான்சிஸ்கோ பெர்னாண்டோ. சின்ன வயதிலேயே வீட்டை விட்டுப் போய் இரத்தினபுரி, ஊவா என்று அலைந்து, ஹாரிஸ்பத்துவையில் பெண் எடுத்தவர்.

அரசாங்கம் புரன் அப்புவை முன்பே அறியும், கொள்ளைக்காரன் என்ற வகையில். அவரைப் பிடிக்க வெளியிட்ட அடையாளக் குறிப்பு இருக்கிறது: நல்ல தோற்றம், வெளுத்த நிறம், நீண்ட முடி, முதுகில் தண்டனைத் தழும்புகள், அம்மை குத்திய வடுக்கள். எதிரி எழுதிவைத்த இந்தச் சித்திரத்தைத்தான் பிற்காலத்தார் வீரனின் சித்திரமாக எடுத்துக்கொண்டார்கள். 1978இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் எடுத்த திரைப்படம் வரைக்கும் அந்தத் தலைமுடி வந்திருக்கிறது.

கரையோரத்தார் இருவர், போர்த்துக்கேயர் காலத்துப் பெயர்களோடு, மலைநாட்டு முடியைத் தூக்கக் கிளம்பியதற்கு ஒரே விளக்கம்தான் எனக்குப் படுகிறது. மலைநாட்டுப் பெருங்குடியினர் அந்த வேலைக்குத் தயாராக இல்லை. 1818இன் தண்டனையில் தப்பிப் பிழைத்த பிரதானி வம்சங்கள் அரசாங்கப் பதவிகளில் அமர்ந்திருந்தன. ரட்டேமாத்தயாவுக்கும் ஆராச்சிக்கும் சம்பளமும் மரியாதையும் கச்சேரியிலிருந்து வந்தன. தலைமை வகிக்க வேண்டியவர்கள் வீட்டுக்குள் இருந்துவிட்டால், வண்டிக்காரனும் தலைமறைவானவனும் முன்னால் வருவார்கள். ஊர் அவர்களை யாரென்று நன்றாகத் தெரிந்துகொண்டேதான் ஏற்றுக்கொண்டதா, பண்டா சொன்ன அரச வம்சக் கதையை நம்பித்தான் ஏற்றுக்கொண்டதா என்று வரலாற்றாசிரியர்கள் வாதிடலாம். வில்பாவேயின் துரைசாமி வேடம் 30 வருடத்துக்கு முன்பே வெளுத்துப்போயிருந்தது. பண்டாவைச் சூழ்ந்தவர்களில் பலருக்கு அது தெரியும். வம்சத்தைவிட முடி முக்கியம் என்று அவர்கள் முடிவுகட்டியிருக்க வேண்டும்.

இடம் தேர்ந்ததில் குறை சொல்ல முடியாது. தம்புள்ளைக் குகை விகாரை சும்மா ஒரு கோயில் அல்ல. தென்னிந்தியப் படையெடுப்பில் அநுராதபுரத்தை இழந்த வட்டகாமினி அபயன், வலகம்பா என்று மக்கள் சொல்லும் அரசன், பதினான்கு வருடம் காட்டில் மறைந்திருந்து மீண்டும் முடியைப் பிடித்தான் என்பது மரபு. அவன் ஒளிந்திருந்த குகைகளைத்தான் விகாரையாக்கினான் என்று தம்புள்ளையில் சொல்வார்கள். இழந்த நாட்டை மீட்டவனின் குகையில் முடிசூடுவது, படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் ஒரே மாதிரிப் புரியும் அறிக்கை.

1848 ஜூலை 26ஆம் தேதி, முற்பகல் பதினொன்றரை மணி. தம்புள்ளை விகாரையில் கிரானேகம தேரர் முன்னின்று கொங்காலேகொட பண்டாவுக்கு முடி சூட்டினார். கூடியிருந்தவர்கள் நானூறு பேரளவில். நீளமான அரச பட்டம் ஒன்றை ஏற்றுக்கொண்ட புதிய அரசன், கூட்டத்தைப் பார்த்து, நீங்கள் பௌத்தர்கள் பக்கமா, வெள்ளையர் பக்கமா என்று கேட்டான். பதில் எதிர்பார்த்தபடிதான் வந்தது. அவன் அரசனானதும் சகோதரன் தினேஸ் உபராஜா. திங்கிரால என்பவர் ஏழு கோறளைக்கு அரசர். புரன் அப்பு பிரதம அமைச்சரும் வாளேந்தியும். இரண்டு நாள் முன்வரை வரிப்பணம் கட்ட வழி தேடியவர்கள் ஒரே முற்பகலில் ஓர் அரசவையை அமைத்துவிட்டார்கள்.

இதைப் படிக்கும்போது சிரிப்பு வரலாம். வரவேண்டியதில்லை. பழைய கண்டி அரசில் பதவி இல்லாமல் படை இல்லை. யாருடைய ஆணையில் யார் ஆள் திரட்டுவது என்பதற்குப் பட்டம்தான் விடை. அவர்களுக்குத் தெரிந்த ஒரே அரசியலமைப்பு அதுதான். குடியரசு என்று பேசத் தெரிந்த எலியட்டின் வாசகர்கள் கொழும்பில் இருந்தார்கள். அவர்கள் தம்புள்ளைக்கு வரவில்லை.

படை தெற்கே நகர்ந்தது. குறி கண்டி. வழி, தம்புள்ளையிலிருந்து நாவுல, நாலந்தை, மாத்தளை என்று இறங்கும் வட வீதி. இந்த வீதியைத் தமிழ் வாசகர்கள் வேறொரு காரணத்துக்காக அறிந்திருக்க வேண்டும். இராமேசுவரக் கரையில் தோணி ஏறி, மன்னார்ப் பக்கம் இறங்கி, நம்முடைய முன்னோர் கங்காணியின் பின்னால் கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்த பாதை இதே பாதைதான். தண்ணீர் இல்லாத காட்டில் காய்ச்சலும் வாந்திபேதியும் கண்டு வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ. 1840களில் வந்த கூலிகளில் ஏறத்தாழ 70,000 பேர் மாண்டுபோனார்கள் என்று எலியட்டின் அதே ஒப்சர்வர் 1849இல் எழுதியது. கிளர்ச்சிக்காரனும் கூலியும் ஒரே தூசியை மிதித்தார்கள். ஒருவன் வந்த காரணத்தால்தான் மற்றவன் கிளம்பினான் என்றும் சொல்லலாம். ஆனால் இரண்டு பேரையும் அந்த வீதிக்குத் தள்ளியது ஒரே கோப்பிக் கணக்கு.

ஜூலை 28ஆம் தேதி புரன் அப்புவின் ஆட்கள் மாத்தளைக்குள் புகுந்தார்கள். கச்சேரி தாக்கப்பட்டது. அவர்கள் முதலில் தேடியது பணப்பெட்டியைவிட வரிப் பதிவேடுகளை. பெயரும் நாயும் துப்பாக்கியும் எழுதியிருந்த தாள்கள் அழிந்தன. பேரேட்டில் பெயர் இல்லாவிட்டால் வரியும் இல்லை என்பது எளிய தர்க்கம். சுற்றியிருந்த கோப்பித் தோட்டங்களின் பங்களாக்களும் சூறையாடப்பட்டன. துரைமார் கண்டிக்கு ஓடினார்கள். அன்றைய இரவு மாத்தளையில் வெள்ளைக்காரனின் ஆணை இல்லை. அந்த ஒரு இரவுக்காகத்தான் மாத்தளை நகரில் இன்று நினைவுச்சின்னம் நிற்கிறது.

மறுநாள் காலை வாரியப்பொலத் தோட்டத்தருகே எல்லாம் முடிந்தது. கண்டியிலிருந்து கப்டன் லிலியின் தலைமையில் வந்த படையில் வெள்ளையரும் இலங்கை ரைபிள் படையணியின் மலாய்ச் சிப்பாய்களும் இருந்தார்கள். நாட்டுத் துப்பாக்கியும் கத்தியும் கம்புமாக நின்ற கூட்டம் ஒழுங்கான வேட்டுக்கு முன்னால் தாக்குப்பிடிக்கவில்லை. குருநாகலில் திங்கிராலவின் ஆட்களுக்கும் அதே கதி. முழுக் கிளர்ச்சியிலும் அரசாங்கப் படையில் ஒருவர்கூடச் சாகவில்லை; ஒரேயொரு சிப்பாய்க்குக் காயம். மறுபக்கம் விழுந்தவர்கள் ஏறக்குறைய இருநூறு பேர். இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு இதைப் போர் என்பதா? டொரிங்டன் அப்படித்தான் சொன்னார். ஜூலை 29இல் கண்டியிலும், இரண்டு நாள் கழித்துக் குருநாகலிலும் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். சென்னையிலிருந்து துருப்புக் கேட்டு ஆள் அனுப்பினார். கலகம் மூன்று நாளில் ஓய்ந்தது. இராணுவச் சட்டம் அக்டோபர் 10 வரை நீடித்தது. என்னைக் கேட்டால், 1848இன் உண்மையான வரலாறு அந்த மூன்று நாளில் இல்லை, அதற்குப் பின் வந்த பத்து வாரத்தில் இருக்கிறது.

புரன் அப்பு சில நாட்களிலேயே பிடிபட்டார். ஆகஸ்ட் 8ஆம் தேதி கண்டி போகம்பறையில், ஏரிக்கருகே, சுட்டுக் கொன்றார்கள். என்னைப் போல ஆறு பேர் தலைமைக்கு இருந்திருந்தால் கண்டி நாட்டில் ஒரு வெள்ளைக்காரன் மிஞ்சியிருக்கமாட்டான் என்று கடைசியில் அவர் சொன்னதாகக் குடியேற்ற அமைச்சர் கிரே பிரபுவுக்கு எழுதியவர் டொரிங்டனேதான். அப்படி நடந்திருந்தால் நம் கதி அதோகதிதான் என்று ஆளுநரும் ஆமோதித்தார்.

கடஹபொல தேரரின் கதை இன்னும் கனமானது. அரசனின் மறைவிடம் பற்றித் தெரிந்தும் சொல்லவில்லை என்பது அவர் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. சாட்சியம் சரியில்லை, அவர் குற்றவாளி அல்லர் என்று கண்டி பிரக்டர்கள் இருவர் அரச வழக்கறிஞர் செல்பியிடம் போய்ச் சொன்னார்கள். செல்பி ஆளுநரிடம் ஓடினார். கொஞ்சம் பொறுங்கள் என்றார். ஊரிலுள்ள பிரக்டர்கள் எல்லாரும் சேர்ந்து வந்து சொன்னாலும் நாளைக் காலை அவன் சுடப்படுவான் என்று டொரிங்டன் சத்தியம் வைத்துச் சொன்னார். ஆகஸ்ட் 26ஆம் தேதி சுட்டார்கள். துவராடையைக் கழற்றவில்லை. காவி உடுத்தபடியே ஒரு பிக்குவைச் சுட்டுக் கொன்றதை மலைநாடு அதற்கு முன் கண்டதில்லை. இப்படி இராணுவ நீதிமன்றத் தீர்ப்பில் கொல்லப்பட்டவர்கள் 18 பேர்.

மாத்தளையில் ஆட்சி கப்டன் வாட்சனின் கையில் இருந்தது. சந்தேகப்பட்டவனின் நெல்லும் மாடும் பறிக்கப்பட்டு ஏலத்தில் போயின. ஓடிப்போனவன் வீடு திரும்ப வேண்டிய காரணமே இல்லாமல் ஆக்கினார்கள். கொலஹெல என்ற ரட்டேமாத்தயாவின் சொத்து யாரிடமாவது இருந்து அதை மறைத்தால் மரண தண்டனை என்று மிரட்டும் சிங்கள அறிவித்தல்கள் வாட்சனின் கையொப்பத்தோடு ஊரில் உலவின. பின்னாளில் அவை லண்டன்வரை போய், அங்கே கேள்வி எழுந்தபோது, அது என் கையெழுத்தே அல்ல என்றார் வாட்சன். ஓர் ஊரின் உயிரோடு விளையாடிய தாள் உண்மையா போலியா என்று விசாரிக்கவே தனி ஏற்பாடு தேவைப்பட்டது. மாத்தளைக்கு வடக்கே இரண்டு மைல் தொலைவில் அளுவிகாரை. திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்டது என்று பௌத்த உலகம் போற்றும் இடம். அதன் ஏட்டு நூலகமும் இந்த 1848இல்தான் அழிந்தது.

அரசன் என்ன ஆனான்? எல்கடுவைப் பக்கம், மாத்தளையிலிருந்து எட்டு மைல் தொலைவில், ஒரு குகையில் ஒளிந்திருந்தான். தலைக்கு 150 பவுண் விலை. ஏறத்தாழ இரண்டு மாதம் அந்தப் பணத்தை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். செப்டெம்பர் 21ஆம் தேதி மலாய்ச் சிப்பாய்கள் பிடித்தார்கள். அவனுடைய நல்லகாலம், சில வாரங்களில் இராணுவச் சட்டம் நீங்கிவிட்டது. வழக்கு உயர்நீதிமன்றத்துக்குப் போனது. நவம்பர் 27இல் கண்டியில் விசாரணை தொடங்கியது. தன்னை அரசன் என்று சொல்லிக்கொண்டான், அரசிக்கு எதிராகப் போர் தொடுத்தான் என்பவை குற்றச்சாட்டுகள். அத்தனையையும் ஒப்புக்கொண்டான். 1849 ஜனவரி முதலாம் தேதி தூக்கு என்று தீர்ப்பு. ஆனால் பிரதம நீதியரசர் ஒலிஃபன்ட் கருணை காட்டும்படி பரிந்துரைத்தார். தூக்கு, நூறு கசையடியாகவும் மலாக்காவுக்கு நாடுகடத்தலாகவும் மாறியது. வாளேந்தியவன் செத்தான், இடம் சொல்லாத பிக்கு செத்தார், முடிசூடியவன் பிழைத்தான். காரணம், அவன் தாமதமாகப் பிடிபட்டதுதான். அதுவும் அதிக நாளைக்கு அல்ல. 1849 டிசம்பர் முதலாம் தேதி மலாக்காவில் இறந்தான்.

லண்டனில் ஹென்றி பெய்லி, ஜோசப் ஹியூம் போன்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் விஷயத்தைக் கையில் எடுத்தார்கள். 1849இல் தெரிவுக்குழு அமைந்தது. இங்கிருந்து சாட்சிகள் கப்பலேறிப் போனார்கள். விசாரணையில் டொரிங்டனும் டெனன்டும் ஒருவரையொருவர் பற்றி எழுதிய தனிப்பட்ட கடிதங்கள்கூட வெளியே வந்து சந்தி சிரித்தது. 1850இல் இருவரும் பதவி இழந்தார்கள். 1851இல் வந்த கண்டனத் தீர்மானம் தோற்றது. ரசலின் அரசாங்கம் தப்பியது. நாய் வரியும் துப்பாக்கி வரியும் போயின. வீதிச் சட்டம் மட்டும் போகவில்லை. அது தலைவரி என்ற பெயரில் 1920கள் வரை நீடித்தது. தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க அதைக் கட்ட மறுத்துக் கொழும்பில் கல்லுடைக்கப் போனது தனிக் கதை.

டொரிங்டனின் பெயர் கொழும்பில் ஒரு சதுக்கத்துக்கு இருந்தது. முடி சூட்டி நூறாவது ஆண்டில், 1948 பெப்ரவரியில், சுதந்திர விழா நடந்தது அந்த டொரிங்டன் சதுக்கத்தில்தான். பிற்பாடு அதன் பெயரைச் சுதந்திர சதுக்கம் என்று மாற்றினார்கள். பண்டாவையும் புரன் அப்புவையும் தேசிய வீரர்களாகப் பாடப்புத்தகத்தில் ஏற்றியதும் புதிய நாடு செய்த வேலை. அதில் தப்பில்லை; அவர்கள் அந்த இடத்துக்கு உரியவர்களே.

அதே 1948இல் புதிய நாடாளுமன்றம் முதல் வேலைகளில் ஒன்றாக 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. தகப்பன் இலங்கையில் பிறந்தவன் என்று காட்டு. இல்லையேல் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்று காட்டு என்றது சட்டம். 1848இல் கூட்டத்தைப் பார்த்து அரசன் கேட்ட கேள்வி, எந்தப் பக்கம் நிற்கிறாய் என்பது. பாட்டன் எங்கே பிறந்தான் என்று அவன் யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தன் பாட்டனையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். வட வீதியில் நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடமோ பிறப்புச் சான்று இல்லை. தோட்டப் பேரேட்டில் அவர்களுக்கு இருந்தது ஒரு பெயரும் கூலிக் கணக்கும். எல்கடுவையிலும் இறத்தோட்டையிலும் உக்குவெலையிலும் லயங்களில் இருந்தவர்கள், 1947 தேர்தலில் வாக்களித்தவர்கள், அடுத்த தேர்தலுக்குள் வாக்காளர் பட்டியலிலிருந்து காணாமல் போனார்கள். எந்தப் படிவத்தை, எந்தக் கந்தோரில், யார் எழுதிக்கொடுக்க நிரப்பினார்கள், எத்தனை மனுக்கள் எந்தச் சின்னப் பிழைக்காகத் திரும்பி வந்தன என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)